ஞாயிற்றுக்கிழமை எல்லா வீடும் அமைதிதான்: வாங்குமுன் வாகன, விமான இரைச்சலைச் சோதிப்பது எப்படி?

வீடு பார்க்க வரச் சொல்லும் நேரம் பெரும்பாலும் ஞாயிறு காலை பத்து, பதினொரு மணி. பள்ளி வேன் ஓடாது, அலுவலகப் போக்குவரத்து இருக்காது. பகலில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் லாரிகளும் குறைவு. சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புபவை. அவையும் அந்நேரத்தில் காதில் விழாது. ஜன்னல் சாத்தியிருக்கும், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். "ரொம்ப அமைதியான ஏரியா சார்" என்று புரோக்கர் சொல்வது அந்த அரை மணி நேரத்துக்கு உண்மைதான்.

இரைச்சலுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. மணிக்கு மணி மாறும், கிழமைக்குக் கிழமை மாறும், விமான நிலையம் பக்கத்தில் என்றால் காற்றடிக்கும் திசைக்கேற்ப பருவத்துக்குப் பருவமும் மாறும். அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த அட்டவணையைப் புரிந்துகொள்வதுதான் சோதனை. இங்கே சென்னையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். கணக்குகள் கோவைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் அப்படியே பொருந்தும்.

டெசிபல்: மூன்று விஷயம் போதும்

சத்தத்தை அளக்கும் அலகான டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்குப்படி ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். 55-க்கும் 65-க்கும் எண்ணில் சின்ன வித்தியாசம்தான், படுக்கையறையில் பெரிய வித்தியாசம். அதே நேரத்தில், சாலையில் வாகனங்கள் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆகவே "இந்த ரோட்டில் வண்டி கம்மி" என்பதைவிட, எந்த மாதிரி வண்டி எந்த நேரத்தில் போகிறது என்பதுதான் முக்கியம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. பெருநகரங்களில் பிரதான சாலையை ஒட்டிய வீடுகளில் 55-ஐ எதிர்பார்க்கவே வேண்டாம். இந்த எண்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல், அவ்வளவுதான். கட்டுநர் தரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த வரம்புகளெல்லாம் சராசரி அளவுகள். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு விமானம், 80 டெசிபலில், 20 விநாடி தலைக்கு மேல் போகிறது என்று வையுங்கள். மீதி நேரமெல்லாம் நிசப்தம். அந்த மணி நேரத்தின் சராசரி 57 டெசிபல்தான் வரும். தாளில் பார்த்தால் பகல் வரம்பை ஒட்டிய எண். ஆனால் குழந்தை விழித்து அழுவது அந்த 80-க்கு. ஆகவே யாராவது சராசரியை மட்டும் காட்டினால், உச்சம் எவ்வளவு, இரவில் எத்தனை தடவை என்று கேளுங்கள்.

சாலை: தூரத்தைவிட மறைப்பு முக்கியம்

ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால் குறைவது சுமார் 3 டெசிபல். 20 மீட்டரில் இருந்த வீட்டை 40 மீட்டருக்குத் தள்ளி வைத்தாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சாலைக்கும் வீட்டுக்கும் நடுவில் வரிசையாகக் கட்டடங்கள் நின்றால் 10 டெசிபலும் அதற்கு மேலும் குறையும். "மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே" என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். நடுவில் இருப்பது காலி மனையாக இருந்தால் அந்த மதிப்பு இல்லை. விளம்பரத்தில் "மெயின் ரோட்டிலிருந்து 100 மீட்டர்" என்று இருந்தால், அந்த 100 மீட்டரில் என்ன நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.

ஒரே கட்டடத்திலும் சாலையைப் பார்த்த ஃப்ளாட்டுக்கும் பின்பக்க ஃப்ளாட்டுக்கும் இதே அளவு வித்தியாசம் இருக்கும். எங்களைக் கேட்டால், சாலை எத்தனை மீட்டர் என்பதற்கு முன், படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் கேட்போம். வரவேற்பறை சாலையைப் பார்த்து, படுக்கையறைகள் பின்னால் இருக்கும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். அதையே திருப்பிப் போட்டால் முடியாது.

மேல்மாடி அமைதியாக இருக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. கீழ்த்தளங்களுக்கு காம்பவுண்டுச் சுவரும் எதிர்க் கட்டடமும் கொஞ்சம் மறைப்பு தரும். நாலாவது, ஐந்தாவது மாடிக்குப் போனால் மறைப்புக்கு மேலே வந்துவிடுவோம், சாலை முழுதாகத் தெரியும், சத்தமும் நேராக வரும். மேம்பாலம் பக்கத்தில் இருந்தால் அதன் உயரத்துக்கு ஒத்த மாடிகள்தான் அதிகம் அடி வாங்கும். ஒரு எளிய விதி: டயர் கண்ணுக்குத் தெரிந்தால் சத்தமும் நேராக வரும். மரங்களை நம்ப வேண்டாம். ஒரு வரிசை மரம் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது. இலை அடர்ந்த தோப்பு பல பத்து மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் ஏதாவது குறையும்.

அடுத்து, சாலையின் அந்தந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி ஒரே சீராக ஓடினால் வருவது டயர் சத்தம். சென்னை பைபாஸ், வெளிவட்டச் சாலை ஓரங்களில் இரவெல்லாம் கேட்கும் அந்த 'உய்ய்ய்' அதுதான், நாளடைவில் பலருக்குப் பழகிவிடும். பழகாதது திடீர்ச் சத்தம். வேகத்தடையில் காலி லாரியின் பின்கதவுச் சங்கிலி அடிக்கும் சத்தம், சிக்னல் விழுந்ததும் மொத்தமாக எழும் ஹாரன், மேம்பாலம் ஏறும்போது லாரி கியர் மாற்றும் உறுமல், பாலத்தின் இணைப்பு இடைவெளியில் சக்கரம் ஏறும் 'டடக் டடக்' எல்லாம் இந்த வகை. ஜன்னலிலிருந்து நூறு மீட்டருக்குள் வேகத்தடை, சிக்னல், பஸ் நிறுத்தம், பால ஏற்றம், பாலத்தின் இணைப்பு ஆகியவற்றில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பஸ் டெப்போவும் தண்ணீர் லாரி நிரப்பும் இடமும் கூகுள் வரைபடத்தில் சாதுவாகத் தெரியும். விடியற்காலையில் அங்கே போய் நின்றால்தான் உண்மை புரியும்.

நேரில் போக வேண்டியது குறைந்தது மூன்று தடவை. வேலை நாளில் காலை எட்டரைக்கு, வேலை நாளில் இரவு பத்தரைக்கு மேல், விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு. இரவு நேரம் தவறவே கூடாது. லாரிகள் நகருக்குள் வருவது அப்போதுதான்.

விமானம்: தூரத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்

"ஏர்போர்ட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்?" என்பது தவறான கேள்வி. ஓடுபாதையின் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதுதான் சரியான கேள்வி.

இறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் வரும். ஓடுபாதை முனையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் உயரம் என்று கணக்கிட்டு, அதோடு 15 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். முனையிலிருந்து 3 கிலோமீட்டரில் விமானம் தலைக்கு மேல் சுமார் 170 மீட்டரில் இருக்கும். 6 கிலோமீட்டரில் 330, 10 கிலோமீட்டரில் 540 மீட்டர். இப்போது அந்த 3 கிலோமீட்டர் புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 1 கிலோமீட்டர் நகருங்கள். விமானத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் 170 மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விடும். தூரம் கூடியதால் மட்டுமே சுமார் 15 டெசிபல் குறையும். அதாவது, நேர்கோட்டுக்குக் கீழே 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டைவிட, முனைக்கு 3 கிலோமீட்டரிலேயே ஆனால் 1 கிலோமீட்டர் பக்கவாட்டில் இருக்கும் வீட்டில் இறங்கும் விமானங்களின் சத்தம் குறைவாக இருக்கும்.

கோடு போடுவது சுலபம். செயற்கைக்கோள் வரைபடத்தில் விமான நிலையத்தைத் திறந்தால் ஓடுபாதை முனைகளில் எழுதியிருக்கும் எண்கள் தெரியும். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் விமானம் ஓடும் திசை டிகிரியில் கிடைக்கும். சென்னையின் பிரதான ஓடுபாதையில் ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று இருக்கும். அதாவது 70 டிகிரி, 250 டிகிரி: கிழக்கு-வடகிழக்கும் மேற்கு-தென்மேற்கும். தூரம் அளக்கும் கருவியை எடுத்து, ஓடுபாதையின் நடுக்கோட்டை இரண்டு பக்கமும் 10 கிலோமீட்டருக்கு நீட்டுங்கள். மேற்கே போகும் கோடு பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் போகும். கிழக்கே போவது ஆலந்தூர், கிண்டி பக்கமாகக் கடலை நோக்கி. இரண்டாவது ஓடுபாதை 12, 30 எண் கொண்டது, அடையாறு ஆற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. அதன் வடமேற்குக் கோடு கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் பக்கம். பிரதான ஓடுபாதையைவிட அதில் போக்குவரத்து மிகக் குறைவு. ஆனால் பிரதானப் பாதையைப் பராமரிப்புக்கு மூடினால் சுமை அதன் மேல் விழும்.

இனி காற்று. விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்து. தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்குக் காற்று அடிப்பதால் கிழக்கிலிருந்து வந்து இறங்கி, மேற்கு நோக்கிக் கிளம்பும். வடகிழக்குப் பருவக் காலத்தில் இது தலைகீழாகும்: பம்மல் பக்கமிருந்து வந்து இறங்கி, கடலை நோக்கி ஏறும். கோடையில் பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்கியதும் ஒரே நாளில்கூடத் திசை மாறலாம். இதன் பொருள்: ஆடியில் பார்த்துப் பிடித்துப்போன வீட்டில், மார்கழியில் வேறு வகைச் சத்தம் கேட்கும். இறங்கும் விமானம் தாழ்வாக, ஒரே கோட்டில், சீரான இடைவெளியில் வரும். ஏறும் விமானம் உறுமிக்கொண்டு சீக்கிரமே உயரம் பிடிக்கும், பின் அவரவர் போகும் ஊருக்கேற்பத் திரும்பிவிடும். அதனால் ஏறும் சத்தம் பல பகுதிகளுக்குச் சிதறும். ஓடுபாதைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கு வேறொரு தொல்லை. விமானம் ஓடத் தொடங்கும்போது எழும் அந்த அடிக்குரல் அதிர்வு ஜன்னல் கண்ணாடியைச் சாமானியமாக மதிக்காது.

ஆறு மாதம் காத்திருந்து இரண்டு பருவத்தையும் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. குறுக்குவழி, விமானங்களின் பறப்பைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 செயலி. வீட்டு மாடியில் நின்றுகொண்டே எந்த விமானம் எத்தனை அடி உயரத்தில் போகிறது என்று பார்க்கலாம். கடந்த சில நாட்களின் பறப்பைத் திரும்ப ஓட்டியும் பார்க்கலாம். இரவு 11 முதல் காலை 6 வரை ஓடவிட்டு, உங்கள் வீட்டு மனைக்கு மேலே 3,000 அடிக்குக் கீழ் எத்தனை விமானம் கடக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த பருவத்துக்கு இறங்கும் பக்கத்தையும் ஏறும் பக்கத்தையும் மாற்றிப் போட்டு யோசிக்க வேண்டும்.

பில்டர் காட்டும் ஆவணங்களில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதிச் சான்று இருந்தால் கோட்டை இன்னும் கவனமாகப் போட்டுப் பாருங்கள். அது கட்டடத்தின் உயரத்துக்கான சான்று. சத்தத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. "ஏர்போர்ட் அத்தாரிட்டி அப்ரூவல் இருக்கு" என்று அதையே பெருமையாகக் காட்டுபவர்கள் உண்டு.

பயணிகள் விமான நிலையம் மட்டும் அல்ல. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. கோவைக்கு அருகே சூலூரும் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளமும் இருக்கின்றன. ராணுவப் பறப்புகள் எல்லாம் அந்தச் செயலியில் தெரியாது. சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வாங்குபவர்கள் வேலை நாளின் முற்பகலில் ஒரு மணி நேரம் மாடியில் நிற்பதுதான் வழி.

ரயில்

பெட்டிகளின் ஓட்டத்தைவிட ஹாரன்தான் தூக்கத்தைக் கெடுக்கும். லெவல் கிராசிங், வளைவு அருகே ஹாரன் தவிர்க்க முடியாது. லெவல் கிராசிங்குக்குச் சுமார் 600 மீட்டர் முன்பே ஓட்டுநருக்கு விசில் பலகை நட்டிருப்பார்கள். வீடு கிராசிங்கிலிருந்து தள்ளி இருந்தும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தால் ஹாரன் உங்கள் ஜன்னலில்தான் தொடங்கும். மார்கழி இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரயில் பக்கத்துத் தெருவில் ஓடுவது போலக் கேட்பது அதனால்தான்.

ஜன்னலில் போகிறது எல்லாம்

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்கும். சாதாரண அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் சாத்திய நிலையில் 20, 25-ஐத் தாண்டுவது அரிது. ஆக, சுவர் தடிமனைப் பற்றி விற்பவர் எவ்வளவு பேசினாலும், சத்தம் வருவது ஜன்னல் வழியாக. அதிலும் கண்ணாடியைவிட இடுக்கு வழியாக.

ஒரு கணக்கு. நாலுக்கு நாலடி ஜன்னல், பரப்பு 16 சதுர அடி, அதாவது 2,304 சதுர அங்குலம். சுற்றளவு 192 அங்குலம். ஓரம் முழுவதும் எட்டில் ஒரு அங்குல இடுக்கு இருந்தால் திறந்த பரப்பு 24 சதுர அங்குலம், ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கில் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. சுண்டுவிரல்கூட நுழையாத சந்துதான் இவ்வளவையும் செய்கிறது.

வீடு பார்க்கும்போதே சோதிக்கலாம். ஒரு தாள் துண்டை ஜன்னல் சட்டத்தில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே அடைப்பு இல்லை. ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு கதவும் ஒன்றையொன்று தாண்டும் நடு விளிம்பையும், கீழ்த் தடத்தில் தண்ணீர் வடியும் துளைகளையும் பாருங்கள். அங்கே பிரஷ் போன்ற மயிர்ப்பட்டைதான் இருக்கும். அது தூசியைத் தடுக்கும், ஒலியைத் தடுக்காது. சாத்தி, கைப்பிடியை முறுக்கினால் ரப்பர் பட்டையில் இறுகிப் பொருந்தும் வெளித்திறப்பு ஜன்னல்தான் சத்தத்துக்கு ஏற்றது. பிறகு குளியலறை வென்டிலேட்டர், ஏசி குழாய்க்குப் போட்ட துளை, சமையலறை எக்ஸாஸ்ட். ஜன்னலுக்கு லட்சம் செலவழித்துவிட்டு, படுக்கையறையோடு ஒட்டிய குளியலறையின் கண்ணாடிப் பட்டி வென்டிலேட்டரை அப்படியே விட்டவர்கள் நிறைய. கதவு சாத்தினாலும் சத்தம் அந்த வழியே வந்துகொண்டிருக்கும்.

"டபுள் கிளாஸ் போட்டிருக்கிறோம்" என்றால் தடிமன் கேளுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டும் நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளியும் வெயிலுக்கு நல்லது. லாரியின் அடிக்குரல் உறுமலுக்கு அதனால் எதிர்பார்த்த பலன் இராது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிசின் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, அல்லது பழைய ஜன்னலுக்கு உள்ளே 100 மில்லிமீட்டராவது தள்ளிப் போட்ட இன்னொரு ஜன்னல், இவை இரண்டும் நன்றாக வேலை செய்யும். இவையெல்லாம் சாத்தி வைத்தால் மட்டும். சென்னை வெயிலில் ஜன்னலைச் சாத்திவைத்தால் ஏசி ஓட வேண்டும், பால்கனியில் காபி குடிப்பது போய்விடும். இந்த மின்கட்டணத்தையும் ஜன்னல் மாற்றும் செலவையும் விலை பேசும்போதே கழித்துக் கேளுங்கள்.

போனில் அளப்பது

இலவச ஒலி அளவுச் செயலிகள் சில டெசிபல் முன்பின்னாகக் காட்டும், ஆனால் இரண்டு வீட்டை ஒப்பிட அது போதும், ஒரே போனை வைத்து அளக்கும்வரை. அமைப்பில், மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் 'ஏ' எடையை (A-weighting) தேர்ந்தெடுங்கள். போன் உறையைக் கழற்றுங்கள், மைக்கை விரலால் மூடாதீர்கள். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி சேர்ந்து கூடுதலாகக் காட்டும், ஒரு மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள். படுக்கையறை நடுவில், ஃபேனும் ஏசியும் அணைத்து, ஜன்னல் திறந்து 15 நிமிடம், சாத்தி 15 நிமிடம். ஒவ்வொன்றிலும் சராசரி, உச்சம் இரண்டையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். சாத்தியபோதும் திறந்தபோதும் உள்ள வித்தியாசம் 10 டெசிபலுக்குக் குறைவாக வந்தால் அந்த ஜன்னல் பெயருக்குத்தான் ஜன்னல்.

இன்று இல்லாத சாலை

இன்றைய அமைதி நாளைய அறுபது அடிச் சாலையாகலாம். சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாஸ்டர் பிளான் வரைபடத்தில் அகலப்படுத்தத் திட்டமிட்ட சாலை, புதிய இணைப்புச் சாலை எது மனையைத் தொடுகிறது என்று பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் முடிந்துபோகும் முட்டுச் சந்தும், கம்பி வேலிக்குள் நீளமாகக் கிடக்கும் காலி நிலமும் சந்தேகப்பட வேண்டியவை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மேலே தூண்களில் ஓடும் பகுதிகள் இருக்கின்றன. தூண் வரிசையில் பாதை வளையும் இடத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தால் சக்கரம் உரசும் கிறீச்சிடலை எதிர்பார்க்கலாம். பரந்தூரில் விமான நிலையம் வரும் என்று சொல்லியே காஞ்சிபுரம் பக்கம் மனை விற்கிறார்கள். முதலீடாக வாங்குவது ஒரு கணக்கு, குடியிருக்க வாங்குவது வேறு கணக்கு. குடியிருக்க என்றால் திட்ட வரைபடத்தில் ஓடுபாதை எந்தத் திசையில் வரைந்திருக்கிறது என்று பார்த்து, மேலே சொன்ன கோட்டை அதற்கும் போட வேண்டும்.

கடைசியாக, அந்தக் கட்டடத்தில் அதே பக்கம், மேலேயோ கீழேயோ குடியிருப்பவரிடம் பேசுங்கள். "சத்தம் இருக்கா?" என்று கேட்டால் "பழகிடுச்சுங்க" என்பார். வேறு விதமாகக் கேளுங்கள்: "ராத்திரி பெட்ரூம் ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்குவீங்களா? போன் வந்தா பால்கனியில நின்னு பேசுவீங்களா, உள்ளே வந்துடுவீங்களா?" வாசலில் இஸ்திரி போடுபவரிடமும் இரவுக் காவலாளியிடமும், விடியற்காலையில் எந்த வண்டி முதலில் வரும் என்று கேளுங்கள். நேரத்தோடு சொல்வார்கள்.